கத்தரியின் முள்ளை எடுத்தது யார்? காய்கறி ரகங்களை உருவாக்குவது விவசாயியா, சந்தையா, வெயிலா?

அம்பத்தூர் மாடி:
அனைவருக்கும் வணக்கம். போன ஆண்டு விதைக் கடையில் வீரிய ஒட்டுக் கத்தரிப் பாக்கெட் ஒன்று வாங்கி மாடியில் வளர்த்தேன். எல்லாச் செடியும் ஒரே அச்சில் காய்த்தன. நீளமான ஊதாக் காய், ஒரு முள்கூடக் கிடையாது. அதில் சில காய்களைப் பழுக்கவிட்டு விதை எடுத்து இந்த ஆடியில் போட்டேன். இப்போது காய்த்திருப்பதைப் பார்த்தால் ஒன்று உருண்டை, ஒன்று பச்சையில் வெள்ளை வரி, ஒன்று மட்டும் தாய்ச்செடியைப் போலவே இருக்கிறது. இரண்டு செடிகளில் காம்பிலும் இலை நரம்பிலும் முள் வந்திருக்கிறது. பறிக்கும்போது விரலில் ஏறுகிறது.

எனக்கு இது பெரிய வியப்பு. ஒரே பையிலிருந்து வந்த விதைக்குள் இத்தனை கத்தரி ஒளிந்திருக்கிறது. கோயம்பேட்டுக்குப் போனால் கண்ணில் படுவது இரண்டு மூன்று வகைதான். மணப்பாறைக் கத்தரி, பூனைத்தலைக் கத்தரி என்று பெயர் கேட்கிறோம், காயைக் காணோம். எது நிலைக்கும், எது மறையும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? விவசாயியா, விதை நிறுவனமா, வாங்கும் நாமா, இல்லை நோயும் வெயிலுமா? விவரம் தெரிந்தவர்கள் எழுத வேண்டும்.

பழைய ஆய்வுவயல்:
அம்மா, நல்ல கேள்வி. பயிர்ப்பெருக்கத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதலில் உங்கள் மாடிக்கு வருகிறேன்.

வீரிய ஒட்டு என்பது இரண்டு தூய வழிகளை, அதாவது தலைமுறை தலைமுறையாகக் குணம் மாறாத இரண்டு செடி வரிசைகளை, கலந்து பெறும் முதல் தலைமுறை. அந்த ஒரு தலைமுறை மட்டும் ஒன்றுபோல இருக்கும். அதில் விதை எடுத்துப் போட்டால் பெற்றோர் இருவரின் பண்புகளும் தனித்தனியாகப் பிரிந்து வெளிவரும். உருண்டையும் பச்சையும் வரியும் அப்படி வந்தவை.

முள் விஷயம் வேறு. கத்தரியில் முள் ஓங்குபண்பு. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்திருந்தாலே ஒட்டுச் செடியில் அது தெரிந்திருக்கும். உங்கள் ஒட்டுச் செடியில் முள்ளே இல்லை என்கிறீர்கள். ஆகவே அது பெரும்பாலும் வெளியிலிருந்து மகரந்தமாக வந்திருக்க வேண்டும். பக்கத்து மாடியில் யாராவது முள் கத்தரி வைத்திருக்கிறார்களா? கத்தரிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். ஆனாலும் பூவை ஒரு முறை கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் மகரந்தப்பைகளின் நுனியில் ஊசி குத்தியது போன்ற துளை மட்டும் இருக்கும். தேனீயால் அதைத் திறம்பட உலுக்க முடியாது. கருவண்டு வந்து பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைக்கும்போது மகரந்தம் பொலபொலவென்று அதன் வயிற்றில் கொட்டும். அதே வயிற்றோடு அடுத்த மாடிக்குப் பறந்து போகும்.

கத்தரியின் காட்டு முன்னோர் முள் நிறைந்தது. காய் சிறியது, கசப்பானது. பறிப்பவர் கையைக் குத்தாத செடியையும் கசக்காத காயையும் பார்த்துப் பார்த்து விதைக்கு விட்டவர்கள் எழுத்தறிவுக்கும் முந்தைய விவசாயிகள். 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, கத்தரியில் முள் மறைந்ததற்கும் வேறு பல பயிர்களில் முள் மறைந்ததற்கும் ஒரே மரபணுக் குடும்பத்தில் ஏற்பட்ட பழுதுதான் காரணம் என்று காட்டியது. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காலங்களில், ஒருவரையொருவர் அறியாத உழவர்கள் ஒரே மாற்றத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். என் வேலைக்காலம் முழுவதும் நான் கற்றதில் இதைவிட மதிப்புள்ள செய்தி எனக்குத் தெரியாது.

அம்பத்தூர் மாடி:
ஐயா, சொன்னது அப்படியே சரி. எதிர்க் கட்டடத்தில் இருக்கும் அக்கா வேலூர் முள் கத்தரி வைத்திருக்கிறார். இன்றுதான் கேட்டேன்.

மண்டி வாசல்:
கோயம்பேட்டில் காய்கறிக் கமிஷன் மண்டியில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

சந்தை கொத்தவால்சாவடியிலிருந்து 1996-ல் கோயம்பேட்டுக்கு வந்தது. நகரம் பெருகப் பெருக வரத்தும் தொலைவிலிருந்து வர ஆரம்பித்தது. தக்காளி என்றால் ஆந்திராவின் மதனப்பள்ளி, கர்நாடகத்தின் கோலார், சிந்தாமணி. மாலையில் ஏற்றினால் இரவெல்லாம் வண்டியில் குலுங்கி விடியற்காலையில் இறங்கும். நாட்டுத் தக்காளி தோல் மெலிந்தது. அடிப்பெட்டி நசுங்கிச் சாறு ஒழுகினால் சில்லறை வியாபாரி தொடமாட்டார். நவீன் தக்காளி, பெங்களூர் தக்காளி என்று நாங்கள் சொல்லும் கெட்டித்தோல் காய் இரண்டு மூன்று நாள் தாங்கும். விலை அதற்குத்தான் நிற்கும். விலை நிற்கிற காயைத்தான் விவசாயி அடுத்த பட்டத்தில் போடுவார்.

புடலங்காயைப் பாருங்கள். முன்பெல்லாம் பந்தலில் தொங்கும் பிஞ்சின் நுனியில் சிறு கல்லைக் கட்டிவிடுவார்கள், சுருளாமல் நேராக வளர வேண்டும் என்பதற்காக. ஆள் உயரத்துக்குக் காய் இறங்கும். அதை லோடில் ஏற்றினால் பாதி முறிந்துபோகும். வீட்டிலும் நான்கு பேருக்கு அவ்வளவு நீளம் வேண்டாம். இப்போது வருவதில் பெரும்பகுதி குட்டைப் புடலை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக ரகங்களில் கோ 1 நெட்டை, கோ 2 ஒரு முழத்துக்கும் குறைவு. பைக்குள் அடங்கும் காய் ஜெயித்துவிட்டது.

எனவே ரகத்தைத் தீர்மானிப்பதில் வண்டிக்கும் பெட்டிக்கும் பெரிய பங்கு உண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு கோடி பேருக்கு நாள்தோறும் காய் போய்ச் சேர வேண்டும்.

பெரம்பூர் அடுக்களை:
காய் போய்ச் சேர்வது சரி, சுவை போய்ச் சேரவில்லையே. பெங்களூர் தக்காளியில் ரசம் வைத்தால் புளியைக் கூட்டித்தான் ஆகவேண்டும். நாட்டுத் தக்காளி நான்கு போட்டால் புளியே குறைத்துக்கொள்ளலாம். அது பிழிந்தவுடன் கரைகிறது. கெட்டித்தோல் காய் கொதித்த பிறகும் தோல் சுருண்டு மிதக்கிறது.

பழைய ஆய்வுவயல்:
அம்மா சொல்வதில் அறிவியலும் இருக்கிறது. பழைய தக்காளி ரகங்கள் காயாக இருக்கும்போது காம்புப் பக்கம் கரும்பச்சையாக இருக்கும். பழுத்த பிறகும் தோளில் கொஞ்சம் பச்சை தங்கும். காய் முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருந்து ஒன்றாகச் சிவக்கும் செடி சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் கண்டெடுக்கப்பட்டது. எப்போது பறிக்கலாம் என்பது பார்த்தவுடன் தெரியும், பழமும் கண்ணுக்கு அழகு. உலகெங்கும் என் துறைக்காரர்கள் அந்தப் பண்பை ரகத்துக்குள் ஏற்றினார்கள். 2012-ல் வெளியான ஆய்வு அதன் விலையைச் சொன்னது. அந்தக் கரும்பச்சையை உண்டாக்கும் மரபணுதான் காய்க்குள் பசுங்கணிகங்களை வளர்த்துச் சர்க்கரையைக் கூட்டுவது. ஒரே சீரான நிறத்தைத் தேர்ந்தெடுத்தபோது இனிப்பின் ஒரு பங்கும் கூடவே போயிருக்கிறது.

எந்தத் தேர்வும் ஒற்றைப் பண்போடு நிற்பதில்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தால் அதனோடு பிணைந்த இன்னொன்றும் வரும், அல்லது போகும்.

ஆரணியாற்றங்கரை:
ஊத்துக்கோட்டைப் பக்கம் கத்தரி, வெண்டை, பாகல் போடுகிறேன். இதுவரை எழுதிய எல்லாரும் விவசாயி சந்தைக்குக் கட்டுப்பட்டவன் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி.

நான் விற்பதற்கு ஒட்டு ரகம் போடுகிறேன். வீட்டுக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும் அப்பா காலத்துப் பச்சைக் கத்தரி ஓரமாக நான்கு வரப்பு இருக்கும். அதன் விதையை வாங்கியதே இல்லை. முதல் பறிப்பில் விதைக்கு விடமாட்டோம். இரண்டாம், மூன்றாம் பறிப்புக்குள் செடி தன் குணத்தைக் காட்டிவிடும். எது சொத்தையில்லாமல் காய்க்கிறது, எது ஐப்பசி மழையில் தண்ணீர் நின்றும் வாடாமல் நின்றது, எது கிளைத்துக்கொண்டே போகிறது என்று பார்த்து அதில் துணி கட்டிவிடுவோம். ஒரு செடி அல்ல, பல செடி. அவற்றில் நடுக்கிளைக் காயை மஞ்சள் பூத்துப் பழுக்கும்வரை விடுவோம். பிறகு பிசைந்து தண்ணீரில் அலசினால் சத்தில்லாத விதை மேலே மிதக்கும், கனமானது அடியில் தங்கும். அதை நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து வைப்போம்.

இதில் நான் எதைத் தேர்ந்தெடுத்தேன், மழை எதைத் தேர்ந்தெடுத்தது என்று பிரிக்க முடியாது. வாடல் நோயில் செத்த செடிக்கு நான் துணி கட்டப்போவதில்லை. என் நிலத்துக் கிருமியும் என் நிலத்துத் தண்ணீரும் முதலில் கழிக்கின்றன. மிச்சத்தில் என் கை கழிக்கிறது. பாக்கெட் விதையில் இது நடக்கவே வழியில்லை. எங்கோ ஒரு வயலில் யாரோ தேர்ந்தெடுத்தது எனக்கு வருகிறது. என் வயல் சொன்ன பதில் திரும்பிப் போவதில்லை. எனக்கு இதுதான் மனத்தாங்கல், விளைச்சல் அல்ல.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி முள் கத்தரி இருக்கிறதே, அதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பு, தண்டு, இலை எங்கும் முள். மற்ற ஊர்களில் உழவர்கள் முள்ளைக் கழித்தபோது அங்கே மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? அந்தச் செடியின் காய்தான் குழம்பில் கரையாமல் வெண்ணெயாக வேகிறது என்பது அவர்கள் அனுபவம். காய் நல்லதென்றால் முள்ளைப் பொறுத்துக்கொண்டார்கள். இப்போது முள்ளைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். முள் இல்லாவிட்டால் இலவம்பாடி என்று நம்பமாட்டார்கள். அதுவும் ஒரு தேர்வுதான்.

மரபுவிதைப் பை:
அண்ணா எழுதியதைப் படித்து மனம் நிறைந்தது. இதைத்தான் நாங்கள் ஒவ்வொரு விதைத் திருவிழாவிலும் சொல்கிறோம். நாட்டு ரகத்துக்கு நோயே வராது. யானைத் தந்த வெண்டை, சிவப்பு வெண்டை, மிதிபாகல் எல்லாம் மருந்தே கேட்காமல் வளரும். ஆராய்ச்சி நிலையங்கள் வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தன.

பழைய ஆய்வுவயல்:
தம்பி, மிதிபாகல் வறட்சி தாங்கும், தரையில் படர்ந்தே காய்க்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோயே வராது என்று எழுதுவதை ஏற்கமுடியாது. அதை நம்பி வெண்டை போட்டு நட்டப்படுபவர் இந்த இழையைப் படிக்கும் ஒரு விவசாயியாக இருப்பார்.

மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வெண்டையில் 1924-லேயே பம்பாய் மாகாணத்தில் பதிவாகியிருக்கிறது. அன்று வயலில் இருந்தவை எல்லாம் நாட்டு ரகங்கள்தான். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது; இலை நரம்பு முதலில் மஞ்சளாகும், பிறகு இலையும் காயும் வெளிறிவிடும். அதைத் தாங்குவதற்காக டெல்லியில் பூசா சவானி என்ற ரகம் 1960 வாக்கில் வந்தது. நாடு முழுக்க அதையே போட்டார்கள். ஒரே ரகம் பெரும் பரப்பில் நின்றபோது வைரஸும் மாறியது. சில ஆண்டுகளில் பூசா சவானியின் தாங்கும் திறன் போயிற்று. பிறகு பெங்களூரில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் காட்டு வெண்டை இனம் ஒன்றிலிருந்து எதிர்ப்பை எடுத்து அர்கா அனாமிகாவைக் கொடுத்தது. இன்று அதிலும் பல இடங்களில் நோய் தெரிகிறது.

கெடுத்தது ஆராய்ச்சி நிலையம் அல்ல, ஒரே ஒரு ரகத்தை எல்லா வயலிலும் நிறுத்தியதுதான். நாட்டு ரகம் ஒன்றையே ஊர் முழுக்கப் போட்டாலும் இதே கதி.

மரபுவிதைப் பை:
ஐயா, வேகத்தில் எழுதியதைத் திருத்திக் கேட்கிறேன். பூசா சவானிக்குத் தாங்கும் திறன் எங்கிருந்து கிடைத்தது?

பழைய ஆய்வுவயல்:
மேற்கு வங்கத்தில் சேகரித்த ஒரு வெண்டை வகையிலிருந்து.

மரபுவிதைப் பை:
அதை அங்கே வைத்துக் காத்தது விவசாயிகள்தானே? அதைக் கேட்கத்தான் வந்தேன். ஆய்வாளர் தேடிப் போகும்போது எடுப்பதற்கு ஏதாவது வயலில் இருக்க வேண்டும். இப்போது எல்லாரும் பாக்கெட்டுக்கு மாறிவிட்டால் அடுத்த வைரஸுக்கு எங்கே தேடிப் போவீர்கள்? குளிர்பதன விதை வங்கியில் வைத்த விதை வைத்த ஆண்டிலேயே நின்றுவிடுகிறது. வயலில் இருக்கும் விதைதான் ஒவ்வொரு கோடையையும் பார்க்கிறது.

பழைய ஆய்வுவயல்:
இதை மறுக்கமாட்டேன். விதை வங்கியும் வேண்டும், ஆரணியாற்றங்கரை அண்ணனின் நான்கு வரப்பும் வேண்டும்.

திருவான்மியூர் வாசகி:
காலிஃபிளவர் நம் ஊர்க்காயே இல்லை, அதற்கு நாட்டு ரகம் என்று ஒன்று இருக்க முடியாது, சரிதானே?

பழைய ஆய்வுவயல்:
இருக்கிறது! இந்த இழையின் கேள்விக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1822-ல் இங்கிலாந்திலிருந்து சகாரன்பூர்த் தோட்டத்துக்கு விதை வந்தது. குளிர்நாட்டுப் பயிர், குளிர் படாவிட்டால் பூ கட்டாது. வட இந்திய விவசாயிகள் அதை வெயிலிலும் மழையிலும் போட்டு, எந்தச் செடி முன்கூட்டியே பூ கட்டியதோ அதில் விதை எடுத்தார்கள். நூறு ஆண்டுக்குள், குளிருக்குக் காத்திராமல் இருபது, இருபத்தைந்து டிகிரி வெப்பத்திலேயே பூ கட்டும் ஒரு புதிய வகையே உருவாகிவிட்டது. உலகம் அதை இந்தியக் காலிஃபிளவர் என்றே தனியாக வகைப்படுத்துகிறது. குவாரி, காத்கி என்று அவர்கள் மாதப் பெயரையே ரகத்துக்கு வைத்தார்கள். எந்த மாதம் பூ வருமோ அந்தப் பெயர். வெப்பநாடுகளுக்கான காலிஃபிளவர் ஆராய்ச்சி இந்த வகையிலிருந்துதான் கிளம்பியது.

கொளத்தூர் மாணவன்:
மரபணு மாற்றிய கத்தரி வந்திருந்தால் காய்ப்புழுத் தொல்லையே தீர்ந்திருக்கும் அல்லவா? 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்தது. வங்கதேசம் 2013-ல் அனுமதி கொடுத்துவிட்டது.

நெறியாளர்:
அது தனி விவாதம், தனி இழை தொடங்குங்கள். இங்கே தேர்வு, பருவம், ரகம் பற்றி மட்டும்.

மீஞ்சூர்க்காரன்:
எங்கள் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறி நீண்ட காலமாகிறது. போர்வெல் தண்ணீரை விட்டால் பீன்ஸ் இலை ஓரம் கருகுகிறது. கத்தரி ஓரளவு தாங்குகிறது, கீரையில் சில தாங்குகின்றன. எங்களுக்கு ரகத்தைத் தேர்ந்தெடுக்கிற உரிமை முதலில் தண்ணீருக்குத்தான். அது விட்ட இடத்தில் நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம். இராமநாதபுரத்தில் முண்டு மிளகாய் அந்தக் காய்ந்த மண்ணில் மானாவாரியாகவே நிலைத்திருக்கிறது என்கிறார்கள். உப்பைத் தாங்கும் காய்கறி ரகத்துக்காக யாராவது எங்கள் பக்கத்து விதைகளைக் கேட்டு வந்தால் நன்றாக இருக்கும். இதுவரை யாரும் வரவில்லை.

ஆரணியாற்றங்கரை:
வாடல் நோய்க்கும் நூற்புழுவுக்கும் ஒரு வழி சொல்கிறேன் மீஞ்சூர்க்காரரே. சுண்டைச் செடியின் வேரில் கத்தரியை ஒட்டுக்கட்டிய நாற்று கிடைக்கிறது. சுண்டை வேரை அந்தக் கிருமி எளிதில் அண்டாது. செடியும் நெடுநாள் காய்க்கும். நம் வேலியோரம் தானாக முளைக்கிற செடி, யாரும் மதித்ததில்லை. அந்த வேர் இன்று கத்தரியைக் காப்பாற்றுகிறது. உப்புக்கு எப்படி என்பதை நீங்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெரம்பூர் அடுக்களை:
சுண்டையைப் பிடுங்கி எறியாதீர்கள் என்று எத்தனை முறை வீட்டில் சொல்லியிருக்கிறேன்! வற்றல் குழம்புக்கு மட்டுமல்ல போலிருக்கிறது.

மண்டி வாசல்:
வெயிலைப் பற்றியும் பேச வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் அறுபது ரூபாய்க்கு விற்றார்கள். கோடையில் பூ உதிர்ந்துவிட்டது என்று அப்போது லோடு அனுப்புபவர்கள் சொன்னார்கள்.

பழைய ஆய்வுவயல்:
ஆமாம். தக்காளிக்குப் பகல் வெயிலைவிட இரவுச் சூடு பெரிய பகை. இரவு 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருந்தால் நன்றாகக் காய் பிடிக்கும். சென்னையில் மே மாத இரவு பெரும்பாலும் 27, 28-க்குக் கீழே இறங்குவதில்லை. மகரந்தம் வலுவிழந்து பூ உதிர்கிறது. கத்தரியும் வெண்டையும் அதே வெயிலில் காய்க்கும். மாடியில் சித்திரைத் தக்காளிக்காக அல்லாடுபவர்கள் அந்தத் தொட்டியில் வெண்டை போடலாம்.

பருவத்தைப் பற்றிய இன்னொரு தேர்வு அவரையில் இருக்கிறது. பந்தல் அவரையை ஆடியில் போட்டாலும் பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும்; மார்கழி, தையில் காய் கொட்டும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது அந்தச் செடிக்கு அப்படியே பொருந்தும். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரையைப் பிறகு ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்டு முழுக்கக் காய் கிடைக்கிறது, பந்தல் செலவில்லை. ஆனால் பந்தல் அவரையின் வாசனை பலருக்கு அதில் கிடைப்பதில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கட்சி.

அம்பத்தூர் மாடி:
முருங்கையிலும் இப்படித்தானா? எங்கள் தெருவில் இருப்பது யாழ்ப்பாண முருங்கை என்கிறார்கள், கிளை வெட்டி நட்டது.

ஆரணியாற்றங்கரை:
கிளை வெட்டி நட்டால் தாய்மரம் அப்படியே தொடரும், குணம் மாறாது. பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம். 1 விதையிலிருந்து வளர்ப்பது. ஆறு மாதத்தில் காய், ஆண்டுப்பயிராகச் செய்யலாம். ஆனால் அதில் விதை எடுத்துப் போட்டால் அயல் மகரந்தத்தால் செடிக்குச் செடி வேறுபடும். உங்கள் தெரு மரத்தை யாராவது வெட்டப் போனால் முன்கூட்டியே ஒரு கிளையை வாங்கி நட்டுவிடுங்கள்.

திருவான்மியூர் வாசகி:
விதையை இப்படி எடுத்துப் பகிர்ந்தால் சட்டச் சிக்கல் வருமா? ஒரு குளிர்பான நிறுவனம், தான் பதிவு செய்த உருளைக்கிழங்கு ரகத்தைப் போட்டதாகக் குஜராத் விவசாயிகள்மீது 2019-ல் வழக்குப் போட்டதே.

பழைய ஆய்வுவயல்:
எதிர்ப்பு வலுத்ததால் அந்த வழக்குகளை நிறுவனமே திரும்பப் பெற்றது. 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தெளிவாக இருக்கிறது. பதிவு செய்யப்பட்ட ரகமானாலும் விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், விற்கவும் செய்யலாம். அந்த ரகத்தின் பெயரை அச்சிட்ட முத்திரைப் பாக்கெட்டில் மட்டும் விற்கக்கூடாது. இன்னொன்று, உழவர்கள் தாங்கள் காத்துவந்த ரகத்தை உழவர் ரகமாகத் தங்கள் பெயரிலேயே பதியலாம். ஆரணியாற்றங்கரை அண்ணன் தன் பச்சைக் கத்தரிக்கு இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படிவம் நிரப்ப நான் உதவுகிறேன்.

ஆரணியாற்றங்கரை:
செய்கிறேன் ஐயா. அதற்கு முன் ஒரு வேண்டுகோள். என்னிடம் ஒரு வெண்டை இருக்கிறது. குட்டைக்காய், ஐந்து வரி, எங்கள் ஊரில் தேமல் குறைவாகவே வருகிறது. அது ரகத்தின் குணமா, என் நிலத்தில் வெள்ளை ஈ குறைவா என்று என் ஒரு வயலை வைத்துச் சொல்ல முடியாது. சென்னையில் அம்பத்தூர், மீஞ்சூர், திருவான்மியூர் என்று வெவ்வேறு இடத்தில் போட்டால் தெரிந்துவிடும். விதை அனுப்புகிறேன். கடை வெண்டை ஒன்றையும் பக்கத்தில் போடுங்கள். எந்தச் செடியில் எந்த வாரம் நரம்பு மஞ்சளாகிறது என்று எழுதி வையுங்கள். நோய் கண்ட செடியைக் குறித்துக்கொண்டு உடனே பிடுங்கிவிடுங்கள், பாவம் பார்த்து விடவேண்டாம்.

மீஞ்சூர்க்காரன்:
எனக்கு அனுப்புங்கள் அண்ணா. உவர் தண்ணீரில் ஒரு வரிசை, மழைத்தொட்டித் தண்ணீரில் ஒரு வரிசை போடுகிறேன்.

அம்பத்தூர் மாடி:
எனக்கும். எதிர்வீட்டு அக்காவும் கேட்கிறார்.

பழைய ஆய்வுவயல்:
விதைக்குப் பூ விடும்போது மொட்டு விரிவதற்கு முந்திய மாலையே மெல்லிய துணிப்பையைக் கட்டிவிடுங்கள். வெண்டை தானே காய்த்துவிடும், பை தடையில்லை. இல்லாவிட்டால் பக்கத்துக் கடை வெண்டையின் மகரந்தம் கலந்து, எதைச் சோதித்தோம் என்பதே தெரியாமல் போய்விடும். காய் பிடித்தபின் பையை எடுத்துவிட்டு நூல் கட்டுங்கள். பதிவேட்டுக்கு ஒரு மாதிரிப் படிவம் நாளை இங்கேயே இடுகிறேன்.